ஆசைக்கு ஒரு சீட்டு: கச்சேரி, காபி, நாற்காலி எல்லாம் வேணும், கடன் மட்டும் வேணாம்!



போன மாசம் ஒரு தம்பி தன்னோட கார்டு ஸ்டேட்மென்ட்டை அனுப்பி, கீழ ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "அண்ணா, நான் ஊதாரியா?"

சொந்த ஊர் கரையாம்புத்தூர், பாகூர் கொம்யூன். வேலை சென்னையில, ஐடி கம்பெனி. கைக்கு வர்ற சம்பளம் 46,000. அவருக்கு மூணு விஷயம் உயிர். ஒண்ணு டிசைன்: நல்ல நாற்காலி, நல்ல விளக்கு, சுவத்துல போஸ்டர், டைப் பண்ணா சத்தம் அழகா வர்ற கீபோர்டு. ரெண்டு, மேடைக் கச்சேரி. மூணு, சாப்பாடு. புதுசா ஒரு கஃபே திறந்தா அந்த வாரமே ஆள் அங்க இருப்பார்.

இதைப் படிக்கிற உங்கள்ல பாதி பேர் இப்போ உங்க ஸ்டேட்மென்ட்டை நினைச்சுப் பார்த்திருப்பீங்க. பயப்படாதீங்க. "காபி குடிக்கிறதை நிறுத்துங்க, கோடீஸ்வரர் ஆயிடலாம்"னு நான் சொல்லப் போறதில்ல. ரசனை இருக்கிறது தப்பே இல்ல. அந்த ரசனைக்கு எப்போ காசு கட்டுறோம்ங்கிறதுதான் விஷயம். முன்னாடியா, பின்னாடியா?

ரெண்டே வாரம்

2024 நவம்பர் 16. அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்துல நடக்கவிருந்த கோல்ட்பிளே கச்சேரிக்கு டிக்கெட் விற்பனை. தம்பி ஆன்லைன் வரிசையில காத்திருந்து 6,500 ரூபாய்க்கு ஒண்ணு புடிச்சுட்டார். ஃப்ளைட், ரூம், மத்த செலவு எல்லாம் சேர்த்து 25,000. மொத்தமும் கிரெடிட் கார்டு.

சரியா ரெண்டு வாரம் கழிச்சு, நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சு. அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணையில திறந்துவிட்ட தண்ணி தென்பெண்ணையில பெருக்கெடுத்து, பாகூர் பக்கத்து ஊர்கள் பலதுக்குள்ள புகுந்துச்சு. பயிர் போச்சு. தம்பி வீட்ல மோட்டார் தண்ணியில மூழ்கிடுச்சு, கூரையும் சேதம்.

அப்பா போன் பண்ணி கேட்டது 15,000 ரூபாய். தம்பி கணக்குல இருந்தது 2,300. கார்டு லிமிட்டும் முடிஞ்சிருந்தது. அப்பா ஊர்லயே மூணு வட்டிக்கு வாங்கினார். அடுத்த போகம் நெல்லு வித்துத்தான், அஞ்சு மாசம் கழிச்சு, அசலை அடைச்சார். வட்டி மட்டும் 2,250.

ஜனவரியில தம்பி கச்சேரிக்குப் போனார். "போனதுக்கு வருத்தமே இல்ல அண்ணா. வாழ்க்கையில மறக்க மாட்டேன். ஆனா அப்பாகிட்ட 'இல்லப்பா'ன்னு சொன்னதையும் மறக்க முடியல"ன்னார்.

நான் அவரை ஊதாரின்னு சொல்லல. கணக்கை மட்டும் எடுத்து முன்னாடி வச்சேன்.

மூணு வட்டியா, மூணரை வட்டியா?

அந்த 25,000 ஒரு வருஷமா கார்டுலயே நிக்குது. மாசாமாசம் மினிமம் மட்டும் கட்டுறார், கட்டின அளவுக்குத் திரும்பவும் தேய்க்கிறார்.

அவர் கார்டுக்கு வட்டி மாசம் 3.5%. 25,000-க்கு 875 ரூபாய். அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி, அது 157 ரூபாய் 50 பைசா. ஆக மொத்தம் மாசம் 1,032 ரூபாய். வருஷத்துக்கு 12,390. 6,500 ரூபாய் டிக்கெட்டைக் கிட்டத்தட்ட இன்னும் ரெண்டு தடவை வாங்கின காசு!

ஊர்ல மூணு வட்டிக்காரர்னு சொன்னாலே நமக்கு பயம். "அவர்கிட்டலாம் வாங்காதீங்கப்பா"ன்னு அப்பாவுக்கு புத்தி சொல்வோம். ஆனா பர்ஸ்ல இருக்கிற கார்டு மூணரை வட்டி, அதுக்கு மேல வரி. முழு பாக்கியையும் கடைசித் தேதிக்குள்ள கட்டினா கார்டு நல்ல நண்பன். மினிமம் மட்டும் கட்டினா பழைய பாக்கிக்கு வட்டி ஓடும், புதுசா வாங்குறதுக்கும் வட்டியில்லாத நாள் கிடைக்காது. நிறைய பேருக்கு இந்த ரெண்டாவது பாதி தெரியறதே இல்ல.

நாற்காலி: 'நோ காஸ்ட்' இஎம்ஐக்கு காஸ்ட் எவ்வளவு?

24,000 ரூபாய் நாற்காலி. ஆறு மாசம், மாசம் 4,000. "வட்டியே இல்லண்ணா"ன்னார். பேங்க் சும்மா கடன் குடுக்காது நண்பர்களே. ஜீரோ பர்சென்ட் வட்டிங்கிறதே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ நடக்கிறது என்னன்னா, வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டிட்டு, அதே தொகையை வட்டியா நம்மகிட்ட வாங்குறாங்க.

மாதிரிக்கு 16% வட்டின்னு வச்சுப்போம். ஆறு மாச வட்டி சுமார் 1,080 ரூபாய். அதுக்கு ஈடா தள்ளுபடி வந்துடும். ஆனா அந்த வட்டிக்கு வர்ற 18% ஜிஎஸ்டி, சுமார் 195 ரூபாய், உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீஸ் 199-னா வரியோட 235. ஆக 'நோ காஸ்ட்'டுக்கு காஸ்ட் 430 ரூபாய். ரொக்கமா வாங்கினா கிடைச்சிருக்கிற தள்ளுபடி போனது தனிக் கணக்கு.

இதுல நாற்காலி மேல எனக்குக் கோபம் இல்ல. தினம் எட்டு மணி நேரம் உட்கார்றார். வருஷம் 250 நாள், அஞ்சு வருஷம் உழைச்சா ஒரு நாளைக்கு 19 ரூபாய்தான். முதுகுக்கு அது மலிவு. ஆனா மூணாவதா ஒரு கீபோர்டு? அதையும் இதே மாதிரி நாள் கணக்குல வகுத்துப் பாருங்க. டிசைன் பிடிக்கிறவங்களுக்கு நான் சொல்ற ஒரே பரீட்சை இதுதான்.

அழகான பொருள்னா விலை அதிகமா இருக்கணும்னும் இல்ல. புவிசார் குறியீடு வாங்கின வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் தம்பியோட சொந்தப் புதுச்சேரியிலதான் செய்றாங்க. அவர் ஆன்லைன்ல பார்த்துப் பார்த்து வாங்கின விளக்குல எழுதியிருந்தது 'டெரகோட்டா ஃபினிஷ்'. அசல் டெரகோட்டா அவர் ஊர்ல இருந்து ஒரு பஸ் தூரம்!

சாப்பாடு: எதுக்குக் காசு குடுக்கிறோம்?

வெளிச் சாப்பாட்டுக்கு மாசம் 7,800. "ஒரே பிரியாணியை ஆப்லயும், கடைக்கு நேர்ல போயும் வாங்கி ரெண்டு பில்லையும் அனுப்புங்க"ன்னேன். வித்தியாசம் 95 ரூபாய். ஆப்ல விலையே கூட. அதுக்கு மேல பேக்கிங், பிளாட்ஃபார்ம் ஃபீஸ், டெலிவரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து டெலிவரி கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி வேற. மாசம் 22 ஆர்டர் போட்டிருக்கார். 22 × 95 = 2,090. அது ருசிக்குக் குடுத்த காசு இல்ல, சோம்பலுக்குக் குடுத்த காசு.

இன்னொண்ணு. ஹோட்டல் பில்லுல 'சர்வீஸ் சார்ஜ்'னு போட்டிருந்தா அது வரி இல்ல. கட்டாயமும் இல்ல. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல கொண்டுவந்த இந்த வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்ல உறுதி பண்ணிடுச்சு. "எடுத்துடுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. பரிமாறினவருக்கு டிப்ஸ் குடுக்கணும்னா அவர் கையில நேரா குடுங்க.

அம்மாகிட்ட இருக்கு விடை

தம்பிகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். "உங்க அம்மா தீபாவளிச் சீட்டு கட்டுவாங்களா?"

"கட்டுவாங்கண்ணா. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து."

அவ்வளவுதான் விஷயம். தீபாவளி அடுத்த வருஷமும் வரும்னு அம்மாவுக்குத் தெரியும். அதனால பலகாரத்துக்கும் துணிக்கும் மாசாமாசம் எடுத்து வைக்கிறாங்க. பண்டிகை வரும்போது காசு தயாரா இருக்கு, கடன் இல்ல, பண்டிகை சந்தோஷமா போகுது. எங்க சிஏ புத்தகத்துல இதுக்கு 'சின்க்கிங் ஃபண்ட்'னு பேரு. அம்மா புத்தகம் படிக்காமலேயே செய்றாங்க.

நல்ல கச்சேரி ஒண்ணு அடுத்த வருஷமும் வரும். அது உங்களுக்கும் தெரியும். அப்போ அதுக்கும் ஒரு சீட்டுப் போடுங்க. ஆனா ஒரு எச்சரிக்கை: பதிவு பண்ணாத சீட்டுல போடாதீங்க. தீபாவளிச் சீட்டுல ஏமாந்த கதை நம்ம ஊர்ல ஏராளம். பேங்க்ல ஒரு ஆர்டி போதும். சம்பளம் வந்த மறுநாளே தானா போயிடணும்.

தம்பியோட புது கணக்கு

வாடகைப் பங்கு 9,000, வீட்டுக்கு 10,000, மெஸ், பஸ், போன் 11,000. மொத்தம் 30,000 போக மிச்சம் 16,000. இது வரைக்கும் அதுல சாப்பாடு 7,800, டிசைன் 6,000, கச்சேரிக்கு சராசரியா 3,200. கூட்டினா 17,000. மாசம் 1,000 துண்டு. அதுக்கு மேல கார்டு வட்டி.

*முதல் 4 மாசம்:* கார்டை டிராயர்ல வைக்கணும். மாசம் 7,000 கார்டுக்கு, 4,000 நாற்காலி இஎம்ஐ. மிச்சம் 5,000-ல சாப்பாடு உட்பட எல்லா ஆசையும். கஷ்டம்தான். ஆனா நாலாவது மாசம் சுமார் 6,610 கட்டினா கார்டு பூஜ்ஜியம்.

*அதுக்கப்புறம் 16,000-ஐ இப்படிப் பிரிச்சோம்:*

- அவசர நிதி: 6,000. மூணு மாசச் செலவு, அதாவது 90,000 சேர்ற வரைக்கும். 15 மாசம் ஆகும். அப்பா போன் வந்தா எடுக்கிற காசு இதுதான்.
- வெளிச் சாப்பாடு: 4,000. தனி யுபிஐ கணக்குல. தீர்ந்தா தீர்ந்துச்சு.
- ஆசைச் சீட்டு ஆர்டி: 3,000.
- எஸ்ஐபி: 3,000.

ஆசைச் சீட்டு வருஷத்துக்கு 36,000, அதோட கொஞ்சம் வட்டி. புது வரி முறையில சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லங்கிறதால, இவர் சம்பளத்துக்கு அந்த வட்டிக்கும் வரி வராது. அதே 25,000 ரூபாய் அகமதாபாத் பயணத்தை இப்போ கையில காசோட போகலாம். மிச்சம் 11,000-ல வீட்டுக்கு ஒரு நல்ல விளக்கும் வாங்கலாம்.

மத்த மாசங்கள்ல இசையே கிடையாதான்னு கேட்காதீங்க. 500 ரூபாய்க்கு மேல போனா கச்சேரி டிக்கெட்டுக்கு 18% ஜிஎஸ்டி, 500 வரைக்கும் வரியே இல்ல. மார்கழியில சென்னை சபாக்கள் பலதுல காலை, மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது. பிரான்ஸ்ல 1982-ல ஆரம்பிச்ச 'ஃபெத் த லா மியூசிக்' இசைத் திருநாளை ஜூன் 21 ஒட்டி புதுச்சேரியிலயும் கொண்டாடுறாங்க. ஊருக்குப் போற வாரத்தை அதுக்கேத்த மாதிரி வச்சுக்கிட்டா, அம்மா கை சாப்பாடும் ஆச்சு, பாட்டும் ஆச்சு.

கடைசியா தம்பி கேட்டார்: "அப்போ நான் ஊதாரி இல்லையா அண்ணா?"

இல்ல தம்பி. ஊதாரிக்கு தான் என்ன வாங்கினோம்னே நினைவிருக்காது. உங்களுக்கு ஒவ்வொண்ணும் நினைவிருக்கு. வரிசைதான் மாறிப் போச்சு. முதல்ல அப்பாவோட 15,000, அப்புறம் கோல்ட்பிளே. ரெண்டுக்கும் உங்க சம்பளத்துல இடம் இருக்கு.

இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்கி உங்க மூணு மாச ஸ்டேட்மென்ட்டை எடுங்க. உங்க மூணு ஆசையையும் மூணு கலர்ல கோடு போடுங்க. கூட்டுங்க. அந்தத் தொகையைப் பார்த்துட்டு, நாளைக்கே ஆர்டியை ஆரம்பிச்சிடுங்க. இந்தக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல செஞ்சே காட்டுறேன். சந்திப்போம்!