விமானம் யாருடையது?

1953இல் அரசு விமானக் கம்பெனிகளைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு, உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று இரண்டே நிறுவனங்கள். கட்சிக்காரரே இரண்டு பேர் என்றால், விமான வழக்கை மட்டும் நம்பி எத்தனை வக்கீல்கள் பிழைக்க முடியும்?

அன்றைய வழக்குகளில் மனிதர்கள் இருந்தார்கள். முதல் முறை கர்ப்பமானாலே விமானப் பணிப்பெண்ணுக்கு வேலை போய்விடும் என்றொரு விதி ஏர் இந்தியாவில் இருந்தது. 1981இல், நர்கேஷ் மிர்சா வழக்கில், உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. ஆனால் சேர்ந்த நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை இல்லை என்ற விதியை அதே தீர்ப்பு விட்டுவைத்தது. இன்றைக்குப் படித்தாலும் எரிச்சல் வரும். வெளிநாட்டுப் பயணத்தில் விமான விபத்தில் உயிர் போனால், அன்று நஷ்டஈட்டு உச்சவரம்பு தங்க பிராங்கில்! ஒரு பிராங்க் என்பது 65.5 மில்லிகிராம் தங்கம். அதைச் சந்தை விலையில் பணமாக்குவதா, அரசு விலையிலா என்று உலகெங்கும் கோர்ட்டுகளில் இழுபறி நடந்தது.

1994இல் தனியாருக்கு முழுதாகக் கதவு திறந்தது. புதிய கம்பெனிகள் பறக்கவிட்ட விமானங்களில் பெரும்பாலானவை சொந்தமல்ல, வாடகைக்கு எடுத்தவை. வக்கீலின் மேசைக்கு விமானமே வந்து சேர்ந்தது அப்போதுதான். சில சமயம் விமானம்கூட இல்லை, வெறும் பில். இன்ஜின் பராமரிப்புக்கு ஸ்பைஸ்ஜெட் தர வேண்டிய சுமார் 2.4 கோடி டாலர் பாக்கிக்காக, 2021 டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கம்பெனியையே கலைக்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கி, பிறகு சமரசம் பேசி முடித்தார்கள்.

கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனியின் கதைதான் எல்லாருக்கும் பாடம். 2023 மே மாதம் அது தானாகவே திவால் மனு போட்டது. கடன் கொடுத்தவர்கள் யாரும் சொத்தைத் தொடக்கூடாது என்ற தடை உடனே விழுந்தது. விமானங்களுக்குச் சொந்தக்காரர்களோ வெளிநாட்டில். தங்கள் விமானத்தைப் போய்ப் பார்ப்பதற்கே அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாடகைக்கு விட்ட வீட்டு வாசலில் சொந்தக்காரர் காத்து நிற்கிற கதை. ஏறக்குறைய ஒரு வருஷம் வாதாடிய பிறகு, 2024 ஏப்ரல் 26 அன்று, 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாட்களுக்குள் நீக்கும்படி தீர்ப்பு வந்தது.

சொந்தக்காரர் பக்கம் நிற்கும் கேப் டவுன் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது 2008இலேயே. அதற்கென்று தனிச் சட்டம் வர 2025 ஆயிற்று. குத்தகைப் பத்திரத்தோடு இன்னொரு தாளும் மேசைக்கு வருகிறது: வாடகை தவறினால் பதிவை நீக்கி விமானத்தை நாட்டை விட்டுக் கொண்டுபோகச் சொந்தக்காரருக்கு அதிகாரம் தரும் கடிதம். விமானம் முதல் பயணியை ஏற்றுவதற்கு முன்பே கம்பெனி அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.