மண்ணுள் மறைந்த தெருவும் மன்னர் மாளிகையும்

ஸ்காத்லாந்து நாட்டின் தலைநகர் எடின்பரோ. அதன் பழைய நகரம் நீண்டதொரு குன்றின்மீது அமைந்துள்ளது. மேற்கு முனையில் கோட்டை; கிழக்கு முனையில் ஹோலிரூட் அரண்மனை. இரண்டையும் இணைக்கும் பெருந்தெருவின் இருமருங்கும் குறுகிய முடுக்குகள் சரிந்து இறங்குகின்றன.

அவற்றுள் ஒன்று மேரி கிங் முடுக்கு. 17ஆம் நூற்றாண்டில் அங்கு வாணிகம் செய்து வாழ்ந்த பெண்மணியின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. 1753இல் வணிகர் மன்றம் ஒன்றை எழுப்பத் தொடங்கிய நகரத்தார், ஆங்கிருந்த வீடுகளின் மேல்தளங்களை இடித்தனர், கீழ்த்தளங்களை அடித்தளமாக்கினர். இவ்வாறு தெருவொன்று கட்டடத்தின் கீழ் மறைந்தது. 2003 முதல் மக்கள் அதனுட் சென்று காண்கின்றனர்.

1645இல் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்றோரை உள்ளே வைத்து அம்முடுக்கை அடைத்துவிட்டனர் என்று ஒரு கதை உண்டு. அது மெய்யன்று. நோயுற்ற வீட்டார்க்கு உணவு வழங்கப்பட்டது. பலர் நகர்ப்புறத்துக் குடில்களில் தங்கவைக்கப்பட்டனர்.

1128இல் முதலாம் டேவிட் மன்னர் நிறுவிய துறவியர் மடத்தை அடுத்து எழுந்ததே ஹோலிரூட் அரண்மனை. 1566இல் மேரி அரசியார் உணவருந்திக்கொண்டிருந்த அறையினுள் பகைவர் புகுந்தனர். அவர்தம் செயலாளர் ரிச்சியோவை வெளியே இழுத்துச் சென்று குத்திக் கொன்றனர். அவ்வறை இன்றும் உள்ளது. மாளிகையின் பெரும்பகுதி இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1671 முதல் 1678 வரை, புதுக்கிக் கட்டப்பட்டது.

அரண்மனையின் நெடுங்கூடத்தில் அரசர்களின் ஓவியங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முடுக்கில் வாழ்ந்த எளியோர்க்கு ஓவியம் இல்லை; அவர்கள் உறங்கிய இருண்ட அறைகளே எஞ்சியுள்ளன. இரண்டையும் கண்டவரே அந்நகரின் வரலாற்றைக் கண்டவராவர்.