கரிசல் காட்டிலிருந்து 1968-ஐக் கேட்பது

மேல்நாட்டு ராக் இசையிலும் நாட்டுப்பாடலிலும் மனத்தைப் பறிகொடுத்த ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், 1960-களின் பிற்பகுதியில் எந்த ஆண்டு உத்தமமானது என்ற விவாதத்தில் வந்து நிற்பது வழக்கம். ஒருவர் 1967 என்பார். மற்றொருவர் 1969 என்பார். இருவரிடமும் ஆதாரத்துக்குக் குறைவிருக்காது. என்னைக் கேட்டால் 1968-ஐத்தான் சொல்லுவேன். ராக் இசை தன் ஆடம்பரங்களைக் களைந்துவிட்டு, தன்னைப் பெற்ற நாட்டார் இசையின் வாசலுக்குத் திரும்பி வந்தது அந்த ஆண்டிலேதான். கடல்களுக்கு இப்பால், அந்தப் பெயர்களைக் காதாலும் கேட்டிராத தமிழ்த் திரையுலகம், தெருவில் கூடை சுமப்பவளின் குரலுக்கும் கோயில் வாசல் மேளத்துக்கும் இசைத்தட்டில் மரியாதையான இடம் தந்ததும் அந்த ஆண்டிலேதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை என்பது என் நெடுநாளைய குறை.

முதலில் மேல்நாட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 1967-இல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்’ தட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தின் சகல சாமர்த்தியங்களையும் ஒரே இடத்தில் காட்டி உலகத்தைப் பிரமிக்க வைத்தது. அதைக் கேட்ட மற்றக் குழுவினரெல்லாம் அதே வழியில் அலங்காரத்தின் மேல் அலங்காரமாக அடுக்கத் தொடங்கியிருந்த வேளையில், 1968 ஜனவரி 13-ஆம் தேதி, ஜானி கேஷ் என்ற பாடகர் கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைச்சாலைக்குள் சென்று, அங்கிருந்த கைதிகளுக்கு முன்னால் நின்று பாடினார். மேஜை நாற்காலி போட்ட சங்கீத சபைக்கும் அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்கும் எவ்வளவோ தூரம். ஆனாலும் கைதிகளின் ஆரவாரமும், இடையிடையே ஒலிக்கும் அறிவிப்புகளும் பாட்டோடு கலந்து பதிவான அந்தத் தட்டைக் கேட்கும்போது, பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது என்ற கேள்விக்குச் சந்தேகத்துக்கிடமில்லாத விடை கிடைத்துவிடுகிறது.

அதே ஆண்டு ஜூலையில் ‘தி பேண்ட்’ என்று அடக்கமாகப் பெயர் வைத்துக்கொண்ட ஐவர், ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ என்ற தட்டை வெளியிட்டனர். நால்வர் கனடாக்காரர், ஒருவர் அமெரிக்காவின் தென்பகுதியான ஆர்கன்ஸாவில் பருத்திக் காட்டு நடுவே வளர்ந்தவர். நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், இளஞ்சிவப்பு வர்ணம் பூசிய வீடு ஒன்றில் கூடி வாசித்துப் பழகிய இவர்களுடைய இசையில், மாதாகோயில் கீதமும் மலைநாட்டுப் பாட்டும் கறுப்பின மக்களின் துயரப் பாடலும் ஒன்றையொன்று நெருக்காமல் சேர்ந்து நிற்கின்றன. ஒருவர் குரல் மற்றவர் குரலை அமுக்காமல், ஒரு குடும்பத்தார் திண்ணையில் அமர்ந்து பாடுவதுபோல் பாடுகிறார்கள். அவர்களுடைய தோழரும் அந்தத் தட்டின் உறைக்குச் சித்திரம் வரைந்தவருமான பாப் டிலன், அதற்குச் சில மாதங்களுக்கு முன் ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ தட்டில் இதே எளிமைக்குத் தாமே வழிகாட்டியிருந்தார்.

பீட்டில்ஸ் குழுவினரின் திருப்பமோ நம் தேசத்தோடு சம்பந்தப்பட்டது. 1968 பிப்ரவரியில் அவர்கள் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார்கள். மின்சாரக் கருவிகள் ஏதும் அருகில் இல்லாமல், மரக் கிதாரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கங்கைக் கரையில் அவர்கள் கட்டிய பாட்டுகளே, நவம்பரில் வெள்ளை உறையோடு இரட்டைத் தட்டாக வெளிவந்த தொகுப்பின் பெரும்பகுதி. முப்பது பாட்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பில் நல்லதும் உண்டு, தள்ளிவிடக்கூடியதும் உண்டு. ஆயினும் கிதாரின் தந்தி விரலில் உரசும் சப்தம் கூடக் கேட்கிற பாட்டுகளில் ஓர் அந்தரங்கமான சுகம் இருக்கிறது. ரிஷிகேசப் பயணத்துக்கு முந்தின மாதமே, அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து, எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் நம் நாட்டு வித்வான்களை உட்கார வைத்து, ‘வொண்டர்வால்’ படத்துக்காகச் சிதாரும் ஷெனாயும் பதிவு செய்துகொண்டு போனார் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷெனாய் நம் நாதஸ்வரத்துக்கு வடநாட்டு உறவு.

பெல்ஃபாஸ்ட் நகரத்து வான் மாரிசன் ஜாஸ் வித்வான்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாடிய ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’, ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ ஆகியவையும் அந்த ஆண்டின் பொக்கிஷங்களே. அவற்றைப் பற்றி விரிக்கப் புகுந்தால் ஊர் போய்ச் சேர மாட்டோம்.

அந்தத் தட்டுகளை விட்டு, 1968-இன் கரிசல் காட்டுக்கு வருவோம். விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போகும் சாலையில், கரிசல் மண்ணும் பருத்தியும் மிளகாயும் மல்லியுமாக விரிந்து கிடக்கும் மானம் பார்த்த பூமியின் நடுவே இருப்பது மல்லாங்கிணறு. அன்றைக்கு அது ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் பிரிந்தது 1985-இல். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அந்நாளில் இசைத்தட்டு என்பது ஒருவர் வீட்டில் தனியாகக் கேட்கும் பொருளாக இருக்கவில்லை. மாரியம்மன் பொங்கலோ, கல்யாணமோ, காதுகுத்தோ, சடங்கோ எதுவாயினும் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட். வேப்பமரத்து உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, கம்பியை இழுத்து, பெட்டியைத் திறந்து, தட்டை விளிம்பில் மட்டும் விரல் படும்படி எடுத்து, மெல்லிய துணியால் புழுதியைத் துடைத்து, சுழலும் தட்டின் மேல் முள்ளை ரேடியோ செட்டுக்காரர் இறக்குகையில், பாட்டுக்கு முன்னால் எழும் கரகரப்பு அடுத்த ஊர்க் காடு வரைக்கும் கேட்கும். பருத்தி எடுக்கிறவர்களும் கிணற்றில் கமலை இறைக்கிறவர்களும் அந்தச் சப்தத்திலேயே, யார் வீட்டு விசேஷம் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்வார்கள். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவர்களுக்கும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் துணை இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு. அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைத் தம் உறவினர் குரலாகவே பாவித்த ஒரு தலைமுறை இங்கே வாழ்ந்தது.

தட்டின் உருவமும் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு 78 தடவை சுழன்று, பக்கத்துக்கு ஒரே பாட்டைத் தந்து, கை தவறினால் உடைந்துபோகும் பழைய அரக்குத் தட்டு விடைபெற்றுக்கொண்டிருக்க, 45 சுற்றில் ஓடும் ஏழங்குலத் தட்டு, பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டைச் சுமந்துகொண்டு கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்தது. மேல்நாட்டான் பன்னிரண்டங்குலத் தட்டில், பக்கத்துக்கு இருபது நிமிஷமாக, முதலும் முடிவும் உள்ள ஒரு நூலைப்போல் தன் பாட்டுகளைக் கோத்தான். நமக்கு அந்தக் கோவையைத் தந்தது சினிமாக் கதை. படம் பார்த்தவனுக்கு நாலு பாட்டு போதும், மீதியை அவன் மனம் நிரப்பிக்கொள்ளும்.

இனி அந்த ஆண்டின் தமிழ்த் தட்டுகளைப் பார்ப்போம். கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘பணமா பாசமா’ படத்தில், கே.வி. மகாதேவன் இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய எலந்தப்பழப் பாட்டு குழாய் கட்டிய மரங்களிலெல்லாம் ஒலித்தது. கண்ணதாசன் எழுதியது, எனினும் புலவர் வாய்மொழியை ஒதுக்கிவிட்டு, பழக்காரி வாயில் பழம் எப்படி உச்சரிக்கப்படுமோ அப்படியே அது தட்டில் ஏறியது. இலக்கண சுத்தம் பேசியவர்கள் முகம் சுளித்தார்கள். எலந்த மரம் முள்ளும் பழமுமாக வரப்போரம் நிற்கிற எங்கள் சீமையில் அதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது! திரையில் அந்தப் பாட்டைப் பாடி நடித்த விஜயநிர்மலாவுக்கு அந்தப் பழத்தின் பெயரே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டில் ‘பொம்மலாட்டம்’ படத்துக்காக, வி. குமார் இசையில், மனோரமா சென்னைத் தெருப் பாஷையில் தாமே ஒரு பாட்டைப் பாடினார். ‘குடியிருந்த கோயில்’ படத்தில் இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதன், பஞ்சாப் கிராமத்துப் பாங்ரா ஆட்டத்தின் தாளத்தைக் கொண்டுவந்து எம்.ஜி.ஆரையும் எல். விஜயலட்சுமியையும் ஆட வைத்தார். ‘உயர்ந்த மனிதன்’ பாட்டுக்காக பி. சுசீலா, சிறந்த பின்னணிப் பாடகிக்கென்று முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட தேசிய விருதைப் பெற்றார்.

இவை அனைத்துக்கும் மேலாக நான் மதிப்பது ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிப் பிரசித்தி பெற்ற கதையை ஏ.பி. நாகராஜன் 1968 ஜூலையில் திரைக்குக் கொண்டுவந்தார். சிவாஜி கணேசன் கையில் பிடித்திருந்த நாதஸ்வரத்துக்கு மூச்சுக் கொடுத்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இந்த வாத்தியத்தை நன்றாகக் கேட்டுப் பழகிய காதுகள் எங்கள் கரிசல் சீமைக் காதுகள் என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான காருகுறிச்சி அருணாசலம், கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு, 1964-இல் காலமாகும் வரை இந்த வட்டாரத்துக் கல்யாணங்களிலும் கோயில்களிலும் வாசித்தவர். அவர் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டு வாசித்தது 1962-லேயே தட்டில் வந்துவிட்டது. ஆகவே சகோதரர் இருவரும் ஒரே மூச்சில் ஒரே பிருகாவில் இழைவதைக் கேட்டபோது, சங்கீத ஞானம் இன்னதென்று சொல்லத் தெரியாத சம்சாரியும் ரேடியோ செட்டுக்காரரிடம் போய், அதையே மறுபடி போடும்படி கேட்டான் என்றால் ஆச்சரியப்படுவதற்கில்லை. சபையில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வித்தையும் கோயில் தெருவில் நின்று கேட்கும் மேளமும் ஒன்றே என்பதை அந்தப் படம் நிலைநாட்டியது.

ஆனால், மகிழ்ச்சியோடு சொல்ல முடியாத ஒன்றும் இங்கே இருக்கிறது. மேல்நாட்டில் 1968-இன் இளைஞர்களால் நாட்டார் இசைக்குத் திரும்ப முடிந்ததென்றால், திரும்புவதற்கு அங்கே ஒலி சேமித்து வைக்கப்பட்டிருந்தது. 1920-களிலேயே மலைக் கிராமத்துப் பாடகர்களையும் கறுப்பினப் பாடகர்களையும் தட்டில் பதிந்திருந்தார்கள். 1952-இல் ஹாரி ஸ்மித் என்பவர் அவற்றிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்து ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட, டிலன் தலைமுறைக்கு அது பாடப் புத்தகமாயிற்று. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. பேராசிரியர் நா. வானமாமலை, நண்பர்களின் துணையோடு ஊர் ஊராகத் திரட்டி ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ நூலை 1964-இல் கொண்டுவந்தார். அது மகத்தான காரியம். எனினும் அச்சில் ஏறியது சொல் மாத்திரமே. அந்தச் சொல்லைப் பாடியவளின் இழுப்பும், மூச்சு வாங்கும் இடமும், நாற்று நடுகையில் மற்றவர்கள் கூடச் சேர்ந்து எடுக்கும் குரலும் காகிதத்தில் ஏற வழியில்லை. உறுமியும் பம்பையும் தவிலும் நாயனமுமாக விடிய விடிய ஊரை எழுப்பிய நையாண்டி மேளக்காரர்களை அந்த ஆண்டில் எந்தத் தட்டுக் கம்பெனி தேடி வந்தது? ஒரு பக்கம் மேளக்காரருக்குக் கூலி பேசிக்கொண்டிருக்கும்போதே, மறுபக்கம் குழாய் வழியாகச் சினிமாப் பாட்டு வந்து அவர் நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. எலந்தப்பழப் பாட்டை நான் நேசிக்கிறேன். அதற்கு மூலமான பாட்டுக்காரிகளின் குரல் ஒன்றுகூட அந்த ஆண்டுத் தட்டில் இல்லையே என்ற வேதனையும் அதே நேசத்தோடு சேர்ந்தே வருகிறது.

இந்த இடைவெளியை நிரப்பப் போகிறவர் அந்த ஆண்டில் தயாராகிக்கொண்டிருந்தார். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு கம்யூனிஸ்டு கட்சி மேடைகளில் நாட்டு மெட்டில் பாட்டுக் கட்டித் தென் ஜில்லாக்களைச் சுற்றி வந்தவர். அவருடைய தம்பி இளையராஜா 1968-இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் பயிலச் சேர்ந்தார். களத்துமேட்டுப் பாட்டையும் மேல்நாட்டுச் சுரக்குறிப்பையும் ஒரே கையில் ஏந்திய அவருடைய முதல் படமான ‘அன்னக்கிளி’ வெளிவர 1976 ஆக வேண்டியிருந்தது. ‘தி பேண்ட்’ குழுவினர் பிக் பிங்க் வீட்டில் செய்த காரியம் நமக்கு எட்டு வருஷம் தாமதமாகக் கிட்டியது என்று நான் கணக்கிடுவது இதனால்தான்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் எந்த வரிசையில் கேட்கலாம் என்று வினவினால், சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தை முதலில் வைத்து, அடுத்ததாக ஹாரிசனின் பம்பாய்ப் பதிவில் ஷெனாயைக் கேட்கச் சொல்லுவேன். பிறகு எலந்தப்பழப் பாட்டு, அதன் பின் ஃபோல்சம் சிறைச்சாலை. கடைசியாகப் ‘பிக் பிங்க்’ தட்டை, நடுவில் நிறுத்தாமல், இரண்டு பக்கமும் முழுமையாக.