வானம் தயார், பேட்டரி தயாரா?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலை கல்லாற்றைத் தாண்டியதும் வளைந்து வளைந்து மலையேறுகிறது. மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஆறும் பாறையும். இருபுறமும் அடர்ந்த மரங்கள். சுற்றுலாப் பயணிக்கு இது குளிர்ச்சி. நிலம் அளக்கும் சர்வேயருக்கோ தலைவலி.

ஏனென்றால் இப்போது அவர் கையில் இருப்பது சங்கிலி அல்ல. சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடிக்கும் 'ரோவர்'. கேரள அரசு 2022 நவம்பர் 1 அன்று டிஜிட்டல் மறுஅளவையைத் தொடங்கியது. இதற்காக மாநிலம் முழுக்க 28 நிரந்தர நிலையங்கள் நிறுவப்பட்டன. தம் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிந்த இந்த நிலையங்கள், சமிக்ஞையில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கின்றன. திருத்தம் செல்போன் இணையம் வழியாக ரோவருக்கு வருகிறது. பல மீட்டர் பிழை, சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

ஆனால் மலைச்சரிவில் செல்போன் சிக்னல் கிடைக்காவிட்டால்? தெரிந்த புள்ளி ஒன்றில் இன்னொரு ரிசீவரை நிறுத்தி, ரேடியோ மூலம் திருத்தத்தை அனுப்ப வேண்டும். அங்கேதான் மின்சாரப் பிரச்சினை. ரோவருக்கு அதன் சிறிய லித்தியம் பேட்டரி போதும். 35 வாட் ரேடியோவுக்கோ 12 வோல்ட் பேட்டரியிலிருந்து குறைந்தது 3 ஆம்பியர் தேவை; இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். கார் பேட்டரியைச் சுமந்துகொண்டு சரிவில் ஏற வேண்டும். அதையும் முழுதாகக் காலி செய்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். மெல்லிய, நீளமான ஒயரைப் பயன்படுத்தினால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து ரேடியோ தடுமாறும்.

மரக்கூரை அடுத்த எதிரி. இலைகள் சமிக்ஞையை மங்கச் செய்கின்றன; பாறைகள் அதைத் திருப்பியடிக்கின்றன. அப்போது திரையில் 'ஃபிக்ஸ்' என்பது 'ஃப்ளோட்' ஆகிவிடும். அதாவது, சென்டிமீட்டர் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை. 30 மீட்டர் நீள வேலி அரை மீட்டர் தள்ளிப்போனால் 15 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு படுக்கையறை, பக்கத்து வீட்டுக்காரருடையதாகிவிடும். வழக்குக்கு அது தாராளமாகப் போதும்.

இதற்கு மாற்று இருக்கிறது. திறந்த வெளியில் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு புள்ளிகளை ரோவரால் நிர்ணயித்து, மரங்களுக்கு அடியில் உள்ள எல்லைகளை அங்கிருந்து 'டோட்டல் ஸ்டேஷன்' கருவியின் ஒளிக்கற்றையால் அளக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் நம்பலாம்.

1802இல் சென்னை பரங்கிமலையருகே தொடங்கிய அளவைக்கு லாம்டன் வரவழைத்த தியோடலைட்டின் எடை அரை டன். இன்றைய ரோவரை ஒருவரே தூக்கிச் செல்கிறார். ஆனால் லாம்டனின் கருவிக்கு சார்ஜ் தேவைப்படவில்லை.

நில உரிமையாளர்கள் செய்யக்கூடியது சில உண்டு: புதரை வெட்டி எல்லையைத் தெளிவாக்குவது, அளக்கும்போது உடனிருப்பது, திரையில் 'ஃபிக்ஸ்' இருக்கிறதா என்று கேட்பது. வரைவு ஆவணம் பார்வைக்கு வரும்போது சரிபார்த்து ஆட்சேபிக்கவும் முடியும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால், சில சென்டிமீட்டருக்காக வருடக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க நேரலாம்.