மேடையோர மேதைகள் – 14: கிட்டாருக்குள் ஒரு பழைய படைநடை

1990-ல் அயர்லாந்து முதன்முறையாக உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றது. அணிக்காக 'புட் எம் அண்டர் பிரஷர்' என்றொரு பாட்டு வந்தது. தயாரித்தவர் யு2 குழுவின் டிரம்மர் லாரி முல்லன். பாட்டைத் தூக்கி நிறுத்தியது ஒரு கிட்டார் மெட்டு. அதை உருவாக்கிய குழு பத்து வருடத்துக்கு முன்பே கலைந்துவிட்டது. ஹார்ஸ்லிப்ஸ் என்று பெயர்.

அயர்லாந்தில் அறுபதைத் தாண்டியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முகம் மலரும். கடல் தாண்டினால் தின் லிஸியைத் தெரியும், யு2-வைத் தெரியும், இவர்களைத் தெரியாது. என்னைப் போன்ற ரசிகர்களுக்குத் தீராத ஆதங்கம் இது.

குழு பிறந்த கதையே வேடிக்கை. 1970 வாக்கில் பாரி டெவ்லின், ஈமன் கார், சார்லஸ் ஓ'கானர் மூவரும் டப்ளினில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். பீர் விளம்பரம் ஒன்றில் இசைக்குழு போல நடிக்க ஆள் தேவைப்பட்டது, இவர்களே நின்றார்கள். கீபோர்டுக்கு ஜிம் லாக்ஹார்ட் வந்தார். நடிப்பு நிஜமாகிவிட்டது. கிட்டார் கலைஞர் ஜானி ஃபீன் பிறகு சேர்ந்தார்.

1972-ல் முதல் ஆல்பம். ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவுக் கூடத்தை டிப்பரரி மாவட்டத்துப் பழைய மாளிகை ஒன்றுக்கு வரவழைத்துப் பதிவு செய்தார்கள். உறையை கான்செர்ட்டினா வாத்தியம் போல எண்கோணமாக வெட்டினார்கள். வெளியிட்டது 'ஓட்ஸ்' என்ற சொந்த லேபிள். விளம்பரக்காரர்கள் அல்லவா, சரக்கை எப்படிக் கடைக்குக் கொண்டுவருவது என்று தெரிந்திருந்தது.

அவர்களின் உண்மையான சாதனை அடுத்த வருடம் வந்த 'தி டாய்ன்'. அயர்லாந்தின் பழைய வீரகாவியம்தான் கரு. கானாக்ட் அரசி மேவும் அவள் கணவனும் யாருக்குச் சொத்து அதிகம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு காளை அவனிடம் கூடுதல். அதற்கு ஈடான காளை அல்ஸ்டரில் இருக்கிறது. அதைக் கவர மேவ் படையோடு கிளம்ப, குஹுலின் என்ற இளைஞன் தனி ஆளாக மறிக்கிறான்.

அந்தக் குஹுலின் தன் வீரத்தைத் தானே முழங்கும் பாட்டு 'ஜாரக் டூம்'. 1990-ல் நாடே கேட்டது இந்த மெட்டைத்தான். ஆனால் அதுவும் புதிதாகப் போட்டதல்ல. 'ஓ'நீல் மார்ச்' என்ற பழைய படைநடை இசை. அதை ஜானி ஃபீன் மின்கிட்டாரில் அழுத்திப் பிடித்து, திரும்பத் திரும்பச் சுழலும் ராக் மெட்டாக்கினார். பல குழுக்கள் ராக் பாட்டை எழுதி முடித்துவிட்டு, மண்வாசனைக்காக நடுவில் கொஞ்சம் ஃபிடில் சேர்க்கும். இங்கே மரபு மெட்டுதான் அஸ்திவாரம். அதை எடுத்தால் பாட்டே நிற்காது. மரபைக் கெடுக்கிறார்கள் என்று அன்று பழமைவாதிகள் முணுமுணுத்தார்கள். கேட்டுப் பார்த்தால் கெடுத்ததாகத் தெரியவில்லை.

1976-ல் வந்த 'தி புக் ஆஃப் இன்வேஷன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. மகிழ்விப்பது, அழவைப்பது, உறங்கவைப்பது என்று ஐரிஷ் மரபு இசையை மூன்றாகப் பிரிக்கும். ஆல்பமும் அதே மூன்று பகுதிகளாக நடக்கும். எல்லா ஆல்பமும் இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். 1975-ன் 'தி அன்ஃபார்ச்சுனேட் கப் ஆஃப் டீ' ரசிகர்களுக்கே கொஞ்சம் சோதனைதான்.

பிறகு ஏன் பெயர் பரவவில்லை? அந்தக் காலத்தில் ஐரிஷ் இசைக்காரர்கள் பிழைக்க லண்டன் போவார்கள். இவர்கள் அயர்லாந்திலேயே இருந்து, சிற்றூர் நடன அரங்குகளில் ஊர் ஊராக வாசித்தார்கள். அமெரிக்காவிலும் சுற்றினார்கள், பெரிய வெற்றி வாய்க்கவில்லை. 1980 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் அரங்கில் கடைசிக் கச்சேரி. பாடல்களின் உரிமை 1999-ல்தான் சட்டப்படி திரும்பக் கிடைத்தது. பிறகு மீண்டும் கூடி வாசித்தார்கள். ஜானி ஃபீன் 2023-ல் மறைந்தார்.

கேட்க விரும்புகிறவர்கள் முதலில் 'ஓ'நீல் மார்ச்'சை மரபு வாத்தியத்தில் கேளுங்கள். அடுத்து 'ஜாரக் டூம்'. பிடித்துவிட்டால் 'தி டாய்ன்' முழுவதையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். கதை அப்போதுதான் பிடிபடும்.

(அடுத்த வாரம்: ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து ரன்ரிக்)