வழியனுப்பிய பிறகு அந்த வீட்டில்...



வெளிநாட்டிற்குத் தொண்டு செய்யப் புறப்படுகிற ஒருவரைச் சபையாராகிய நாம் எப்படி அனுப்புகிறோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு ஆராதனையின் முடிவில் அவரை முன்னே அழைத்து நிறுத்துகிறோம். போதகர் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறார். பொன்னாடை போர்த்துகிறோம். வேன் பிடித்துத் திருச்சி விமான நிலையம் வரை போய்க் கையசைத்துவிட்டு வருகிறோம். பிறகு வாரந்தோறும் ஜெபக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். வீட்டில் தங்கிவிட்ட மனைவியின் பெயரோ கணவரின் பெயரோ அந்த ஜெபத்தில் அநேகமாய் வருவதில்லை.

இம்முறை அந்த வீட்டைப் பற்றி எழுத விரும்புகிறோம். அங்கே ஒருவர் ஆறு மாதமோ ஒரு வருடமோ நிம்மதியாய் வேலை செய்கிறார் என்றால், இங்கே ஒருவர் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறார் என்று பொருள். தொண்டின் பாதிச் சுமை வீட்டில் இருக்கிறது. வீடு தள்ளாடினால், போனவர் பாதியில் திரும்ப நேரிடும். அல்லது உடல் அங்கேயும் மனம் இங்கேயுமாய்க் காலம் தள்ள நேரிடும்.

காசு அனுப்பாத வெளிநாடு

மண்ணச்சநல்லூர் போன்ற ஊருக்கு வெளிநாடு புதிதல்ல. அரிசி ஆலைகளுக்குப் பேர்போன இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று பிழைக்கப் போனவர்களின் குடும்பங்கள் உண்டு. கணவர் ஊரில் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கிற தாயை நம் தெருக்கள் நன்றாய் அறியும்.

ஆனால் அந்த வீட்டிற்கும் தொண்டர் வீட்டிற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சம்பளத்திற்குப் போனவர் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். தொண்டுக்குப் போனவரின் வீட்டில் வருமானம் பெரும்பாலும் குறைகிறது. 1971-ல் பாரிஸில் தொடங்கிய 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, பயணம், தங்குமிடம், காப்பீடு ஆகியவற்றோடு அளவான மாத ஊதியமே கொடுக்கிறது. ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம் கொடுப்பதும் வாழ்க்கைப்படிதான். சபைகளும் மிஷன்களும் அனுப்புகிறவர்களுக்கு அதுகூட இல்லாமல் போவதுண்டு. உள்ளூரில் பார்த்த வேலையைச் சம்பளமில்லா விடுப்பில் வைத்துவிட்டோ, விட்டுவிட்டோதான் பலர் புறப்படுகிறார்கள்.

இது அக்கம்பக்கத்திற்குத் தெரியாது. "ஃபாரின்ல இருக்காரு, உங்களுக்கென்ன குறைச்சல்?" என்று கேட்டபடி கைமாற்றுக் கேட்டு வருவார்கள். உறவில் ஒரு கல்யாணம் வந்தால் மொய்யும் சீரும் கூடுதலாய் எதிர்பார்ப்பார்கள். கோயில் திருவிழாவானாலும் சபை அசனமானாலும் ரசீதுப் புத்தகம் முதலில் இந்த வாசலுக்குத்தான் வரும். "எங்களிடம் இல்லை" என்று சொல்ல அந்த மனைவிக்குக் கூச்சம். சொன்னாலும் நம்புவார் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய வேளையில்தான் இந்த நெருக்கம் முழுவதும் தெரியும்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

சிரமங்களில் பாதியைப் பயணத்திற்கு முந்திய மாதமே தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் பல காரியங்கள் ஒரே ஆளின் பெயரிலும், இப்போது ஒரே ஆளின் கைப்பேசியிலும் அடங்கியிருக்கின்றன. சமையல் எரிவாயு பதிவு செய்வதும், சிலிண்டர் வரும்போது சொல்லவேண்டிய எண்ணும், வங்கியின் ஓ.டி.பி.யும் கணவரின் எண்ணுக்கே வரும். அவர் அந்த சிம் கார்டோடு விமானம் ஏறிவிட்டால், இங்கே அடுப்பு எரியவும் அவரிடம் கேட்கவேண்டும். ஆகவே எரிவாயு, பள்ளி, மின்வாரியம் ஆகிய இடங்களில் வீட்டில் இருப்பவரின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கை இருவரில் யாரும் பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். ரேஷன் கடையில் தொல்லை இல்லை. குடும்ப அட்டையில் பெயருள்ளவர் யாரானாலும் விரல்ரேகை வைத்து வாங்கலாம்.

நிலம், வீடு, கடன், வழக்கு ஏதேனும் இருந்தால் பவர் பத்திரம் எழுதிவிட்டுப் போவது நல்லது. அங்கே போன பிறகு எழுத நேர்ந்தால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பவேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் செலுத்தவேண்டும். தூதரகம் இல்லாத நாட்டில், தலைநகரத்திற்கு வெகு தொலைவில் வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் வேண்டும். இருவருமாய் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்: எந்தத் தவணை எந்தத் தேதி, காப்பீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில், மோட்டார் பழுதானால் யாரைக் கூப்பிடுவது, நள்ளிரவில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தால் கொள்ளிடம் பாலம் தாண்டித் திருச்சி ஆஸ்பத்திரிக்கு யாருடைய வண்டி. கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால், அந்த வீட்டில் பல இரவுகள் நிம்மதியாய்த் தூங்கலாம்.

மனம் போகிற வழி

வீட்டில் தங்கியவரின் மனம் ஒரே சீராய் இருப்பதில்லை. கேத்லீன் வெஸ்டல் லோகன் என்கிற அம்மையார், மாதக்கணக்கில் கடலில் இருக்கும் அமெரிக்கக் கடற்படையினரின் மனைவிமாரைக் கவனித்து, அவர்கள் ஏழு கட்டங்களைக் கடந்து போவதாக 1987-ல் எழுதினார். தொண்டர்களின் வீடுகளுக்கும் அது பெரும்பாலும் பொருந்துகிறது.

புறப்பாட்டிற்குப் பல வாரங்கள் முன்பே பிரிவின் ஏக்கம் தொடங்கிவிடும். நாள் நெருங்க நெருங்க, காரணமில்லாமல் சண்டை வரும். 'போவதானால் போய்த் தொலையட்டும்' என்றுகூடத் தோன்றும். இது அன்புக் குறைவல்ல. பிரிவைத் தாங்க மனம் தன்னைத்தானே விலக்கிக்கொள்கிறது. போன பிறகு முதல் சில வாரங்கள் ஒன்றும் ஓடாது, தூக்கம் வராது, சமைக்க மனம் இராது. அதற்குப் பின் ஒரு நிதானம் வரும். 'என்னாலும் முடிகிறதே' என்கிற தைரியம் பிறக்கும். திரும்பும் நாள் நெருங்கும்போது மகிழ்ச்சியோடு பயமும் சேரும். வந்த பிறகு குடும்பத்தின் பொறுப்புகளைப் புதிதாய்ப் பேசிப் பங்கிடவேண்டும். அதன்பின்பே வீடு பழைய நிலைக்கு வரும்.

இதை முன்னமே அறிந்திருந்தால் ஒரு நன்மை உண்டு. அழுகை வருகிற வாரத்தில் 'என் விசுவாசம் குறைந்துபோயிற்றோ' என்று தன்னைக் குற்றப்படுத்திக்கொள்ளமாட்டார்கள். நாமும் அப்படிக் குற்றப்படுத்தமாட்டோம்.

கொல்லிமலையிலிருந்து போன கடிதங்கள்

நம் பக்கத்து மலையிலேயே இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1913-ல் திருமணம் முடித்த ஜெசி பிராண்டும் ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறி வைத்தியமும் பள்ளியும் நடத்தினார்கள். அவர்களுடைய மகன் பால் 1914-ல் பிறந்தான். 1923-ல் குடும்பமாய் இங்கிலாந்து போனவர்கள், ஒன்பது வயதுப் பாலையும் தங்கை கோனியையும் படிப்புக்காக லண்டனில் உறவினரிடம் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள்.

தகப்பனார் பிள்ளைகளுக்கு இடைவிடாமல் கடிதம் எழுதினார். மலையின் மரங்களையும் பறவைகளையும் பூச்சிகளையும் அதில் வர்ணித்தார். 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சலால் அவர் இறந்துபோனார். தந்தி உடனே லண்டனை எட்டியது. கடிதங்களோ கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்பவை. ஆகவே தகப்பனார் இறந்த செய்தி தெரிந்த பிறகும், அவர் உயிரோடிருக்கையில் எழுதிய கடிதங்கள் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்தன. தொண்டின் விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகளும் கொடுத்தார்கள் என்பதை நாம் மறைக்கலாகாது.

அதே பால் பிராண்ட் மருத்துவராகி, 1946-ன் இறுதியில் தனியாக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தாமும் மருத்துவரான மனைவி மார்கரெட், சிறு பிள்ளைகளோடு யுத்தத்திற்குப் பிந்திய லண்டனில் தங்கி, 1947-ல் வந்து சேர்ந்தார். வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியதை உலகம் அறியும். அதற்கு முன்னால் லண்டனில் ஒரு தாய் தனியே சமாளித்த மாதங்களை நாம் நினைப்பதில்லை. ஈவ்லின் அம்மையாரோ முதுமையிலும் கொல்லிமலையிலும், நம் துறையூருக்கு அப்பாலுள்ள பச்சைமலையிலும் ஊழியம் செய்து, 1974-ல் 95-ஆம் வயதில் மறைந்தார்.

இன்று கப்பல் கடிதத்திற்குக் காத்திருக்கவேண்டியதில்லை. கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம். ஆனாலும் நேரம் ஒத்துவரவேண்டும். சியரா லியோனில் ஒருவர் மாலை 6 மணிக்கு வேலை முடித்து வரும்போது மண்ணச்சநல்லூரில் இரவு 11.30. பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஆகவே வாரத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து, அதைத் தவறாமல் காப்பதே நல்லது. கண்ட நேரத்தில் கூப்பிட்டு, கிடைக்காமல் கலங்குவதைவிட அது மேல். பேசும்போது ஜெசி பிராண்டின் வழியைக் கைக்கொள்ளுங்கள். 'நன்றாய்ப் படிக்கிறாயா?' என்ற கேள்வியோடு நிறுத்தாமல், அங்கே என்ன மரம், என்ன சாப்பாடு, மழை எப்படிப் பெய்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் மனதில் தகப்பன் மங்காமல் இருப்பது இப்படிப்பட்ட சின்னச் சங்கதிகளால்தான்.

மனைவி போய், கணவர் தங்கினால்

நர்ஸாகவோ மருத்துவராகவோ மனைவி போய், கணவர் வீட்டில் இருப்பதும் உண்டு. இந்த வீட்டின் பாரம் வேறுவிதமானது. காலையில் மகளுக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, பள்ளி வேனுக்கு அனுப்பிவிட்டு, தாமும் வேலைக்கு ஓடவேண்டும். வேலையைவிட ஊர்ப்பேச்சு அதிகம் வலிக்கும். 'பெண்டாட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இவன் சோறு பொங்குகிறான்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். மனைவியின் காதிலும் அது விழும். 'பிள்ளைகளை விட்டு வந்தவள்' என்கிற பழி அவரை அங்கேயும் வாட்டும். இப்படிப் பேசுகிறவர்களுள் சபையாரும் இருக்கலாம். ஆண் போனால் தியாகம், பெண் போனால் குற்றம் என்கிற இரட்டை அளவுகோலை நாம் கைவிடவேண்டும்.

திரும்பி வந்த பின்

வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கணவர் இல்லாத நாட்களில் மனைவி வங்கிக்கும் பள்ளிக்கும் தானே போய் முடிவெடுக்கப் பழகிவிட்டார். வந்தவர் மறுநாளே பொறுப்பையெல்லாம் கையில் எடுத்தால் உரசல் வரும். சின்னப் பிள்ளை தகப்பன் மடிக்கு வராமல் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவரோ அங்கே கண்ட பசியையும் மரணத்தையும் நினைத்து, இங்கே கல்யாண வீட்டில் இலையில் மீந்த சோற்றைப் பார்த்துக் கோபப்படுவார். அடுத்த ஞாயிறே அவரைச் சாட்சி சொல்ல மேடை ஏற்றாதிருங்கள். சில வாரங்கள் அவர் தம் வீட்டாருக்குச் சொந்தமாய் இருக்கட்டும்.

உடல்நலத்திற்கும் ஒரு எச்சரிக்கை. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவருக்குச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருக்கவேண்டாம். அன்றே மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டும். இதை நினைவில் வைத்திருக்கவேண்டியவர் பெரும்பாலும் வீட்டிலிருப்பவரே.

நாம் செய்யக்கூடியது

'ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். மானமுள்ளவர்கள் அப்படிக் கேட்டு வரமாட்டார்கள். ஒரு குறிப்பிட்ட காரியத்தை ஒரு குறிப்பிட்ட ஆள் ஏற்றுக்கொண்டால் அதுவே உதவி. சபையில் நாலைந்து பேர் கூடிப் பேசி, இப்படிப் பங்கிட்டுக்கொள்ளலாம்:

1. இரவில் எந்நேரமும் கூப்பிடத்தக்க, வண்டி வைத்திருக்கிற ஒரு குடும்பம்.

2. வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளைக் கணக்குப் பாடத்திற்கு உட்காரவைக்க ஓர் ஆசிரியர்.

3. மாதம் ஒரு சனிக்கிழமை மாமியாரோடு இருந்து, மனைவிக்கு அரை நாள் ஓய்வு கொடுக்க ஒரு சகோதரி.

4. பள்ளி திறக்குமுன், மற்றவருக்குத் தெரியாமல், 'கட்டணம் கட்டியாயிற்றா?' என்று விசாரிக்க ஒரு மூப்பர்.

சிக்லாகைக் கொள்ளையிட்டவர்களைத் தாவீது பின்தொடர்ந்தபோது அவரோடு 600 பேர் இருந்தார்கள். அவர்களில் 200 பேர் களைத்துப்போய் பேசோர் ஆற்றண்டையில் மூட்டை முடிச்சுகளோடு தங்கிவிட்டார்கள். போரிட்டுத் திரும்பியவர்களில் சிலர், தங்கினவர்களுக்குப் பங்கு கொடுக்கக்கூடாது என்றார்கள். தாவீது அதற்கு இடங்கொடுக்கவில்லை. போனவனுக்கும் தங்கினவனுக்கும் சமபங்கு என்று தீர்ப்புச் செய்து, அதையே பிரமாணமாக்கினார்.

அடுத்த முறை உங்கள் சபையிலிருந்து ஒருவர் புறப்படும்போது, வீட்டில் தங்குகிறவரையும் அவர் பக்கத்தில் நிறுத்தி ஜெபியுங்கள். விமான நிலையத்திற்குப் போன வேன், மறுவாரமும் அந்த வாசலில் ஒருமுறை நிற்கட்டும்.