ஓட்டு வீட்டின் காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் புகுந்து வரும் காற்று தென்னை மட்டைகளை முறித்துப்போடும் அளவுக்கு வீசுகிற தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில், வீட்டுக்குள் நல்ல காற்று இல்லை என்று ஒருவர் சொன்னால் அது வேடிக்கைப் பேச்சாகவே தோன்றும். ஆயினும் ஆலாந்துறை, நரசீபுரம் முதலிய ஊர்களில் இன்னும் எஞ்சி நிற்கும் ஓட்டு வீடுகளின் அடுப்பங்கரைக்குள் மாலை வேளையில் நுழைந்து, பனங்கைகளின் மேல் தார் பூசினாற்போல் மினுமினுத்துக் கிடக்கும் கரியை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, வெளியே அடிக்கும் காற்றுக்கும் உள்ளே தங்கியிருக்கும் காற்றுக்கும் அதிக சம்பந்தம் இல்லை என்பது விளங்கும்.

பழைய வீட்டைக் கட்டியவர்கள் காற்றை அறியாதவர்கள் அல்லர். கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டில், நடுவே வானம் பார்த்த தொட்டியில் சூடேறிய காற்று மேலே எழ, அதன் இடத்தை நிரப்ப ஆசாரத்தின் வழியாகவும் தாழ்ந்த சன்னல்களின் வழியாகவும் குளிர்ந்த காற்று தானாகவே உள்ளே இழுக்கப்பட்டது. நாட்டு ஓட்டின் இடுக்குகளும் தம்மால் இயன்ற உதவியைச் செய்தன. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய சீமை ஓடு வந்தபோதும், இந்த ஏற்பாடு பெரிதும் கெடவில்லை. ஆனால் இத்தனை யுக்தியும் ஆண்கள் அமர்ந்து பேசிய ஆசாரத்துக்கே பயன்பட்டது என்பதையும், பெண்கள் நாளில் பாதியைக் கழித்த அடுப்பங்கரை பெரும்பாலும் ஒரு மூலையில், ஒற்றைச் சாளரத்துடன் ஒதுக்கப்பட்டது என்பதையும், பழமையைப் போற்றி எழுதுவோர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

புகைக்கு உபயோகங்களும் இருந்தன. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைச்சோளக் கதிரில் வண்டு விழாது. மூங்கில் வரிச்சு உளுத்துப்போகாது. “பொகை படாத ஊடு பொழைக்காதுங்க கண்ணு” என்று ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினார்.

விறகும் தென்னை மட்டையும் எரியும்போது எழும் புகையில், கண்ணை எரிக்கும் பகுதியைவிடக் கண்ணுக்குத் தெரியாத பகுதியே அபாயகரமானது. இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் கடைசி அறைவரை செல்கின்றன. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் தேடும் முயற்சி நம் நாட்டில் புதிதன்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கம் இயங்கிய வார்தா மகன்வாடியிலேயே புகையில்லா அடுப்பு ஒன்று உருவாயிற்று. ஹைதராபாத்துப் பொறியாளர் எஸ். பி. ராஜு, மண்ணும் புகைக்குழாயும் கொண்டு தாம் அமைத்த அடுப்பைப் பற்றி 1953-ல் சென்னையிலிருந்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். 1983-ல் மத்திய அரசு தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்து, கோடிக்கணக்கான அடுப்புகளைக் கொடுத்தது. பல வீடுகளில் அவை நிலைக்காமற் போனதற்குக் காரணம் பெரிய விஞ்ஞானப் பிழை அன்று: குழாயில் அடைத்த கரியை மாதந்தோறும் தட்டி எடுக்க ஆளில்லை, அவ்வளவே.

பின்னர் எரிவாயு வந்தது. 2007 முதல் மாநில அரசும், 2016 முதல் மத்திய அரசும் ஏழை வீடுகளுக்கு இணைப்பு வழங்கின. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகத்தில் பங்கேற்று, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வில், எரிவாயு பெற்ற கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 24 மைக்ரோகிராமாகவும், விறகிலேயே சமைத்தோருக்கு 70 ஆகவும் இருந்தது. எனினும் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் தென்படவில்லை. 2022-ல் வெளிவந்த இம்முடிவை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

நம் பக்கத்து வீடுகளில் எரிவாயு தேநீருக்கும் குழம்புக்கும் ஆயிற்று; குளிக்க வெந்நீருக்கும் மாட்டுக்குக் காய்ச்சும் கூழுக்கும் தோப்பில் காசின்றிக் கிடைக்கும் மட்டையே எரிகிறது. அதைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்த அடுப்பைப் பொடக்காணி என்னும் புழக்கடையில், வீட்டுக்குக் கிழக்கே, சுவரை விட்டுத் தள்ளி வைத்தால், ஆடிக் காற்று புகையை வீட்டை விட்டு அப்பால் கொண்டுபோகும். மேற்கே வைத்தால் அதே காற்று அதைச் சாளரத்துக்குள் திணிக்கும். உள்ளே விறகு எரித்தே ஆகவேண்டியவர்கள் புகைக்குழாயை ஓட்டின் முகட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்த்த வேண்டும்.

சமீப காலத்தில் நாமே செய்துகொண்ட கேடுகள் வேறு. குரங்குக்கும் மழைக்கும் பயந்து தொட்டியின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியதும், வீடு மூச்சுவிடும் வழி அடைபட்டது. தகட்டைச் சுற்றிலும் ஓரடி இடைவெளி விட்டுக் கம்பி வலை அடித்தாலே குரங்குப் பயமும் தீரும், காற்றும் வெளியேறும். மண் சுவரின் மேல் சிமெண்ட் பூசியதால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, ஐப்பசி மழையில் உப்புப் பூத்துப் பூஞ்சை படர்கிறது. அந்தப் பூச்சை இடுப்பளவு கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவதே முறை, காரத்தன்மை உள்ள சுண்ணாம்பில் பூஞ்சை எளிதில் பற்றுவதில்லை. பழைய கதவுகளின் எண்ணெய் வர்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017-ல் தான் அமலுக்கு வந்தது, அதற்கு முந்தையவற்றில் என்ன இருக்கும் என்று யாரறிவார்! நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியில் ஒற்றி எடுக்கவேண்டும். அன்று பிள்ளைகளை வேறிடம் அனுப்பிவிடலாம். மூடிய அறையில் ஏற்றும் கொசுவர்த்திச் சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறிற்று. கொசுவலை போதும்.

இரவில் சன்னலைத் திறந்துவைக்கச் சொன்னால், “யானை தும்பிக்கைய உட்டா நீங்களா வருவீங்க?” என்று இப்பகுதியில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ரேஷன் அரிசியின் வாசனைக்கே சுவரை இடிக்கும் யானைகள் மலையடிவாரத்தில் உண்டு. எனவே தாழ்ந்த சன்னலை அடைத்துவிட்டு, கூரையடியில் இரு எதிர்ச் சுவர்களிலும் கம்பியிட்ட காற்றுத் துவாரங்கள் வைப்பதும், காற்றுப்போக்குக்கென்றே வார்த்த ஓடுகளை முகட்டோரம் இரண்டு மூன்று பதிப்பதும் பொருத்தம். இவற்றுக்கு மாற்றாக ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் வடிகட்டி துகளைப் பிடிக்குமே தவிரக் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது.

புகை நின்ற பிறகு அந்த மூதாட்டியின் எச்சரிக்கை நினைவில் இருக்கட்டும். ஓரிரு வருஷத்தில் வரிச்சிலும் பனங்கையிலும் வண்டு துளைத்து, மாவு உதிரத் தொடங்கும். ஆகவே கரியைச் சுரண்டிய கையோடு, மரம் நன்கு உலர்ந்த கோடையில், வெந்நீரில் கரைத்த போராக்ஸை இரண்டு முறை பூசிவிடுவது நல்லது.